ஐஃப்ரேம் வந்து சேர்ந்தது எப்படித் தெரியும்? லோட் ஈவென்ட், போலிங், போஸ்ட்மெசேஜ்: ஓர் ஒப்பீடு

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஓர் ஐஃப்ரேமை (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் பெட்டியை) உருவாக்கிப் பக்கத்தில் செருக வேண்டும். அது வந்து சேரும்வரை ஸ்பின்னர் (காத்திருப்பைக் காட்டும் சின்னம்) சுற்ற வேண்டும், வந்ததும் நிற்க வேண்டும். கேட்டால் ஐந்தாறு வரி வேலை. அந்த ஐந்தாறு வரிதான் சில நேரம் இரண்டு முறை ஓடுகிறது, சில நேரம் ஓடவே மறுக்கிறது, சில நேரம் வெறும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்துவிட்டு "வந்தாச்சு" என்று சொல்லிவிடுகிறது. இணையத்தில் இதற்குக் கிடைக்கும் பதில்களும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஒருவர் லோட் ஈவென்ட் (ஏற்றி முடிந்ததும் பிரவுசர் எழுப்பும் அறிவிப்பு) போதும் என்பார். இன்னொருவர் அதை நம்பாதே, ரெடிஸ்டேட்டை (டாக்குமென்ட் எந்த அளவுக்கு ஏறியிருக்கிறது என்று சொல்லும் பண்பை) பார் என்பார். மூன்றாமவர் போஸ்ட்மெசேஜ் (ஒரு விண்டோ இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் வழி) இல்லாமல் முடியாது என்பார். மூவரும் சொல்வது சரிதான். ஆனால் மூவரும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விஷயங்களை முடிவுசெய்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முதலாவது, நீங்கள் உண்மையில் எதற்குக் காத்திருக்கிறீர்கள்? ஸ்பின்னரை நிறுத்துவதற்கா, உள்ளே இருக்கும் டாமை (பக்கத்தின் எலிமென்ட்களின் மரத்தை) தொட்டு மாற்றுவதற்கா, உள்ளே ஓடும் செயலிக்குத் தரவு அனுப்புவதற்கா? இரண்டாவது, உள்ளே வரும் பக்கம் யாருடையது? உங்களுடைய அதே ஆரிஜினா (புரோட்டோகால், டொமைன், போர்ட் மூன்றும் ஒன்றா), உங்களுடையதே ஆனால் வேறு ஆரிஜினா, முன்பின் தெரியாத மூன்றாம் தரப்பா? இந்த இரண்டு பதில்களும் சேர்ந்துதான் வழியைத் தீர்மானிக்கின்றன. பிரவுசர் வேறுபாடுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

லோட் ஈவென்ட்: எளிது, ஆனால் வரிசை முக்கியம்

முதலில் கை போகும் இடம் இதுதான், போகவேண்டிய இடமும் இதுதான். ஐஃப்ரேம் எலிமென்ட்டில் ஆட்ஈவென்ட்லிசனர் மூலம் லோட் ஈவென்ட்டுக்குக் காத்திருப்பது. ஆன்லோட் பண்புக்கு நேரடியாக ஃபங்ஷன் கொடுத்தாலும் வேலை நடக்கும், ஆனால் அதே பண்பில் வேறொரு கோடு எழுதினால் உங்களுடையது சத்தமில்லாமல் காணாமல் போகும். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அட்டாச்ஈவென்ட் எழுதியவர்களின் பதில்கள் இன்னும் தேடலில் மேலே வருகின்றன. அந்த பிரவுசருக்கான ஆதரவே 2022 ஜூனில் முடிந்துவிட்டது. அந்தக் கோடை இனி எடுத்துவைக்க வேண்டியதில்லை.

சிக்கல் வருவது மூன்று வரிகளின் வரிசையில்: லிசனர் (ஈவென்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) மாட்டுவது, எஸ்ஆர்சி (உள்ளே வர வேண்டிய பக்கத்தின் முகவரி) கொடுப்பது, பக்கத்தில் செருகுவது. இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

கிரியேட்எலிமென்ட் மூலம் உருவாக்கிய ஐஃப்ரேமுக்கு எஸ்ஆர்சி கொடுத்தாலும் எதுவும் நடக்காது. டாக்குமென்ட்டில் செருகும்போதுதான் அதற்குள் ஒரு விண்டோ பிறக்கிறது, அதில் முதலில் அபவுட்:பிளாங்க் என்ற காலிப் பக்கம் உட்காருகிறது. அந்த நேரத்தில் எஸ்ஆர்சியில் நிஜமான முகவரி இருந்தால் பிரவுசர் அதை எடுத்துவரக் கிளம்பும், காலிப் பக்கத்துக்காக லோட் ஈவென்ட் எதையும் எழுப்பாது. எஸ்ஆர்சி இல்லையென்றால் காலிப் பக்கமே இறுதிப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, செருகும் அந்த வரியிலேயே, அடுத்த வரிக்குப் போகும் முன்பே, லோட் ஈவென்ட்டை எழுப்பிவிடும்.

இப்போது ஒருவர் இப்படி எழுதுகிறார்: முதலில் லிசனர், அதற்கு ஒன்ஸ் என்ற விருப்பத்தையும் கொடுத்து, ஒரே முறை ஓடட்டும் என்று. பிறகு பக்கத்தில் செருகுகிறார். கடைசியில் எஸ்ஆர்சி. பார்ப்பதற்குப் பிழையே இல்லை. நடப்பது என்ன? செருகிய வரியிலேயே காலிப் பக்கத்தின் லோட் வருகிறது. லிசனர் ஓடுகிறது, ஸ்பின்னர் மறைகிறது, ஒன்ஸ் என்பதால் லிசனர் கழன்றும் விடுகிறது. அப்புறம்தான் நிஜப் பக்கம் கிளம்புகிறது. அது வரும்போது கேட்க ஆளில்லை. பயனர் பார்ப்பது சில விநாடிகளுக்கு வெள்ளைப் பெட்டி. ஒன்ஸ் போடாமல் இருந்திருந்தால் லிசனர் இரண்டு முறை ஓடியிருக்கும். "என் லோட் ஈவென்ட் ஏன் இரண்டு தடவை வருகிறது?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே வரிசை: லிசனர், எஸ்ஆர்சி, செருகல். இதை மாற்ற எனக்குத் தெரிந்து நல்ல காரணம் எதுவும் கிடையாது. நிஜ முகவரி கொடுத்துச் செருகிய பிறகு அதே ஓட்டத்தில் லிசனரை மாட்டினாலும் ஈவென்ட் தவறாது என்பது உண்மை. நெட்வொர்க் பதில் வந்து லோட் எழுவது எப்படியும் உங்கள் கோடு ஓடி முடிந்த பிறகுதான். ஆனால் நடுவில் யாராவது ஓர் அவெய்ட்டை (கோடைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கவைக்கும் சொல்லை) சொருகினால் அந்த உத்தரவாதம் போயிற்று. சரியான வரிசைக்குக் கூடுதல் செலவு ஒன்றும் இல்லாதபோது அந்தப் பந்தயம் எதற்கு?

காலிப் பக்கத்தில் நாமே உள்ளடக்கத்தை எழுதுபவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை உண்டு. செருகியதுமே கிடைக்கும் காலி டாக்குமென்ட் குரோமிலும் சஃபாரியிலும் நிலையானது. ஃபயர்ஃபாக்ஸ் நெடுங்காலம் வேறு மாதிரி நடந்துகொண்டது. முதலில் கிடைக்கும் காலி டாக்குமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, சற்றுப் பிறகு இன்னொரு காலி டாக்குமென்ட்டால் அதை மாற்றும், லோட் ஈவென்ட்டும் அப்போதுதான் வரும். முதல் டாக்குமென்ட்டில் சேர்த்த பொத்தானும் ஸ்டைலும் கண்ணெதிரே மறைந்துபோகும். உள்ளடக்கம் உங்கள் கையில் எழுத்துச் சரமாக இருக்கிறதென்றால் எஸ்ஆர்சிடாக் பண்பில் கொடுத்துவிட்டு லோடுக்குக் காத்திருங்கள். எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி நடக்கும். டாக்குமென்ட்.ரைட் பக்கம் போகவே வேண்டாம். குளோஸ் அழைக்க மறந்தால் லோட் வரவே வராது.

லோட் எதைச் சொல்வதில்லை?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். லோட் ஈவென்ட் வந்தது என்றால் உள்ளே நீங்கள் கேட்ட பக்கம் வந்தது என்று அர்த்தமில்லை. 404 பக்கத்துக்கும் லோட் வரும். 500க்கும் வரும். தன்னை ஐஃப்ரேமில் காட்டக் கூடாது என்று அந்தத் தளம் அனுப்பும் எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் தலைப்போ ஃபிரேம்-ஆன்செஸ்டர்ஸ் விதியோ தடுத்து, பயனருக்குச் சாம்பல் நிறப் பிழைச் சின்னம் மட்டும் தெரியும்போதும் குரோமில் லோட் வரும். கூரியர்காரர் வந்துபோனதற்குத்தான் அது சாட்சி, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு அல்ல.

அப்படியென்றால் எரர் ஈவென்ட்டைக் கேட்கலாமே என்று தோன்றும். படத்துக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் வரும் எரர் ஈவென்ட் ஐஃப்ரேமுக்கு வராது. இது மறதியால் நேர்ந்தது அல்ல. வெற்றிக்கு ஓர் ஈவென்ட், தோல்விக்கு இன்னொன்று என்று இருந்தால், ஏதோ ஒரு வலைத்தளம் கண்ணுக்குத் தெரியாத ஐஃப்ரேம்களைத் திறந்து உங்கள் உள் நெட்வொர்க்கில் எந்த முகவரியில் சர்வர் ஓடுகிறது என்று துழாவிவிடலாம். எச்டிஎம்எல் வரையறையே லோட் ஈவென்ட்டைப் பற்றிப் பேசும் இடத்தில் இந்த ஆபத்தைக் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. எனவே இந்த ஊமைத்தனம் மாறும் என்று காத்திருக்க வேண்டாம்.

உள்ளே வருவது உங்கள் ஆரிஜின் பக்கமே என்றால் மட்டும் லோட் வந்த பிறகு கொஞ்சம் விசாரிக்கலாம். கன்டென்ட்டாக்குமென்ட் (ஐஃப்ரேமின் உள் டாக்குமென்ட்) நல், அதாவது வெறுமை, என்று வந்தால், வந்திருப்பது உங்கள் பக்கம் அல்ல. பிரவுசரின் பிழைப் பக்கமாக இருக்கலாம், அல்லது செஷன் முடிந்து வேறு டொமைனில் இருக்கும் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கலாம். டாக்குமென்ட் கிடைத்தால் உள் விண்டோவின் பெர்ஃபாமன்ஸ் பதிவுகளில் நேவிகேஷன் வகைப் பதிவை எடுத்து ரெஸ்பான்ஸ்ஸ்டேட்டஸ் என்ன என்று பாருங்கள். புதிய பிரவுசர்களில் 200ஆ 404ஆ என்று எண்ணே அங்கு இருக்கும். அதைவிட எளிய வழி, உங்கள் பக்கத்தில் மட்டும் இருக்கும் ஓர் எலிமென்ட்டைத் தேடிப் பார்ப்பது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஸ்டேட்டஸ் 200 கொடுத்தபடியே "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்று காட்டும் பக்கங்கள் உலகில் ஏராளம்.

லோட் எப்போது வரும் என்பதிலும் ஒரு நெருடல். உள்ளே இருக்கும் எல்லாப் படங்களும் ஸ்டைல்ஷீட்டுகளும் அதற்குள்ளே இருக்கும் ஐஃப்ரேம்களும் முடிந்த பிறகுதான் வரும். அடியில் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ட்ராக்கிங் படம் பத்து விநாடி இழுத்தால் லோடும் பத்து விநாடி இழுக்கும், பயனர் கண்ணுக்குப் பக்கம் எப்போதோ தயாராகி இருந்தாலும். மறுபக்கம், உள்ளே ரியாக்ட் மாதிரியான ஒன்றில் எழுதிய செயலி ஓடினால் லோட் சீக்கிரமே வந்துவிடும். செயலி தன் தரவை ஃபெட்ச் செய்து திரையில் வரைவதை லோட் கண்டுகொள்வதில்லை. ஒரே ஈவென்ட் ஒரு பக்கத்தில் தாமதம், இன்னொரு பக்கத்தில் அவசரம்.

லோட் வராத சந்தர்ப்பமும் உண்டு. எஸ்ஆர்சியில் கொடுத்த முகவரி கோப்பைத் தரவிறக்கமாக அனுப்பினால் பக்கம் மாறுவதில்லை, அதற்கான லோடும் வருவதில்லை. மறைவான ஐஃப்ரேம் மூலம் தரவிறக்கம் தொடங்கி, முடிந்ததும் பொத்தானைத் திரும்ப இயக்க நினைப்பவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இது. சர்வர் பதிலோடு ஒரு குக்கியை அனுப்பச் சொல்லி, அந்தக் குக்கி தென்படுகிறதா என்று பார்ப்பதே பழைய தீர்வு. இன்று ஃபெட்ச் மூலம் எடுத்து பிளாப் (நினைவகத்தில் வைத்த கோப்புத் தரவு) ஆக்கிக் கொடுப்பது சுத்தம், கோப்பு மிகப் பெரிதாக இல்லாதவரை.

பல முறை வரும் சந்தர்ப்பங்களும் உண்டு. உள்ளே பயனர் ஓர் இணைப்பைச் சொடுக்கி வேறு பக்கம் போனால் மறுபடி லோட். ஐஃப்ரேமை டாமில் ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தால் அது முதலிலிருந்து தொடங்கும், மறுபடி லோட். இழுத்துப் போட்டு வரிசை மாற்றும் டாஷ்போர்டுகளில் இது பெரிய தலைவலி. குரோம் 133இல் வந்த மூவ்பிஃபோர் என்ற மெத்தட் மறுதொடக்கம் இல்லாமல் நகர்த்த வழி செய்கிறது. உள்ளே ஹாஷ் (முகவரியில் # குறிக்குப் பின் வருவது) மட்டும் மாறினாலோ, பக்கத்தை ஏற்றாமல் முகவரியை மட்டும் மாற்றும் புஷ்ஸ்டேட் அழைத்தாலோ லோட் வராது. ஆகவே லோட் எத்தனை முறை வந்தது என்று எண்ணி எதையும் முடிவுசெய்யாதீர்கள்.

ரெடிஸ்டேட் போலிங்: ஒரே ஓர் இடத்தில் மட்டும்

குறிப்பிட்ட இடைவெளியில் கன்டென்ட்டாக்குமென்ட்டின் ரெடிஸ்டேட்டைப் பார்த்து, கம்ப்ளீட் ஆனதும் நிறுத்துவது இந்த வழி. லோட் மேல் நம்பிக்கை இழந்தவர்கள் வந்து சேரும் இடம். எனக்கு இதன் மேல் மதிப்புக் குறைவு, காரணங்களைச் சொல்கிறேன்.

செருகிய கணத்தில் உள்ளே இருக்கும் காலிப் பக்கத்தின் ரெடிஸ்டேட் என்ன? கம்ப்ளீட். முதல் பார்வையிலேயே "முடிந்தது" என்று பதில் வந்துவிடும். எனவே லொகேஷன் இன்னும் அபவுட்:பிளாங்க் தானா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்து, பக்கம் வேறு ஆரிஜின் என்றால் கன்டென்ட்டாக்குமென்ட் நல் ஆகிவிடும், லொகேஷனின் முகவரியைப் படிக்கப் போனால் பிரவுசர் பாதுகாப்புப் பிழையை வீசும். உங்கள் பக்கம்தானே என்று நம்பியிருந்தால், செஷன் முடிந்து லாகின் டொமைனுக்குத் திருப்பிவிடப்படும் அந்த ஒரு நாளில் இன்டர்வெல் ஒவ்வொரு முறையும் பிழை வீசிக்கொண்டே சுற்றும். மூன்றாவது, பின்னணியில் இருக்கும் டேப்பில் டைமர்கள் விநாடிக்கு ஒரு முறை என்ற அளவுக்கு மெதுவாக்கப்படும். குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேப்பில் நிமிடத்துக்கு ஒரு முறை என்ற நிலைக்கும் போகலாம். ரிக்வெஸ்ட்அனிமேஷன்ஃபிரேம் வைத்துப் பார்த்தால் மறைந்த டேப்பில் அது ஓடவே ஓடாது.

இத்தனையும் சரிசெய்து எழுதினால் நாற்பது வரி ஆகும், கிடைப்பதோ லோட் ஈவென்ட் தருவதே. பிறகு எதற்கு இந்த வழி? ஒரே ஒரு நல்ல பயன் உண்டு: லோடுக்கு முன்பே உள்ளே நுழைய வேண்டியிருக்கும்போது. அதே ஆரிஜினில் ஒரு பழைய பக்கம், அதன் கோடில் கைவைக்க முடியாது, ஆனால் அதன் தலைப்பட்டையை மறைத்துவிட்டுத்தான் காட்ட வேண்டும் என்று வையுங்கள். லோட் வரும்வரை இருந்தால் தலைப்பட்டை ஒரு கணம் தெரிந்து மறையும். ரெடிஸ்டேட் இன்டராக்டிவ் (எச்டிஎம்எல் படித்து முடிந்த நிலை) ஆனதுமே ஸ்டைலைச் செருகிவிட்டால் அந்தக் கண்சிமிட்டல் குறையும். உள் டாக்குமென்ட்டின் டிஓஎம்கன்டென்ட்லோடட் ஈவென்ட்டைக் கேட்கலாமே என்றால், செருகியவுடன் கையில் இருப்பது காலிப் பக்கத்தின் டாக்குமென்ட். அதில் மாட்டிய லிசனர் புதிய டாக்குமென்ட்டுக்கு வராது. புதியது வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளவே போலிங் தேவைப்படுகிறது. அதைவிட எளிது, லோட் வரும்வரை ஐஃப்ரேமின் விசிபிலிட்டியை ஹிடன் என்று வைத்திருப்பது. பத்தில் ஒன்பது இடத்தில் இதுவே போதும்.

போஸ்ட்மெசேஜ்: உள்ளே இருப்பவரே சொல்லட்டும்

உள்ளே ஓடும் பக்கத்தில் ஒரு வரியாவது சேர்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறதென்றால், மற்ற வழிகளைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். செயலி தன் தரவை எடுத்து, திரையில் வரைந்து, கட்டளை கேட்கத் தயாரான அந்தப் புள்ளியில் அதுவே பெற்றோர் விண்டோவுக்கு "தயார்" என்று ஒரு செய்தி அனுப்பட்டும். லோட் ஊகிப்பதை இது நேரடியாகச் சொல்கிறது. ஒரே ஆரிஜினா வேறு ஆரிஜினா என்ற கவலையும் இல்லை. 404 வந்தாலோ, பக்கம் தடுக்கப்பட்டாலோ, உள் ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தாலோ செய்தி வராது. மௌனம்தான் தோல்வி, அதை ஒரு காலவரம்பு வைத்துப் பிடித்துக்கொள்ளலாம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. செய்தி எல்லாமே விண்டோவின் மெசேஜ் ஈவென்ட்டாக ஒரே வாசலில் வந்து குவியும். பக்கத்தில் இருக்கும் சாட் விட்ஜெட், பிரவுசர் எக்ஸ்டென்ஷன், வேறு ஐஃப்ரேம் எல்லாம் அங்கே பேசும். ஆகவே ஈவென்ட்.சோர்ஸ் உங்கள் ஐஃப்ரேமின் கன்டென்ட்விண்டோ தானா என்று முதலில் பாருங்கள். ஒரே பக்கத்தில் பத்து ஐஃப்ரேம் இருந்தால் எது தயார் என்று பிரித்துச் சொல்வதும் இந்த ஒப்பீடுதான். அது போதாது, ஈவென்ட்.ஆரிஜினும் எதிர்பார்த்ததுதானா என்று பாருங்கள். உள்ளே பயனர் இணைப்பைச் சொடுக்கி வேறு தளத்துக்குப் போய்விட்டாலும் கன்டென்ட்விண்டோ அதே பொருளாகவே இருக்கும், சோர்ஸ் சோதனை மட்டும் வைத்திருந்தால் அந்தத் தளத்தின் பேச்சையும் நம்பிவிடுவீர்கள். தரவைப் பிரிக்கும் முன் அது உங்கள் வடிவத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சரமாகவும் எண்ணாகவும் செய்தி அனுப்பும் நிரல்கள் உண்டு.

ஐஃப்ரேமின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சாண்ட்பாக்ஸ் பண்பைப் போட்டு, அலவ்-சேம்-ஆரிஜின் கொடுக்காமல் விட்டிருந்தால் ஈவென்ட்.ஆரிஜின் "நல்" (null) என்ற சரமாக வரும். நல் மதிப்பு அல்ல, நான்கு எழுத்துச் சரம். அங்கே ஆரிஜின் சோதனை எதையும் நிரூபிக்காது, சோர்ஸ் ஒப்பீட்டைத்தான் நம்ப வேண்டும்.

எதிர்த் திசையில், அதாவது வெளியிலிருந்து உள்ளே, அவசரப்பட்டு அனுப்பும் செய்தியின் கதை சுவாரசியமானது. ஐஃப்ரேமைச் செருகியதும் அடுத்த வரியிலேயே அமைப்புகளை போஸ்ட்மெசேஜில் அனுப்புகிறீர்கள், டார்கெட்ஆரிஜினாக உள் பக்கத்தின் ஆரிஜினை ஒழுங்காகக் கொடுக்கிறீர்கள். கன்சோலில் சிவப்பாக ஒரு வரி: கொடுத்த டார்கெட்ஆரிஜின் பெறுபவரின் ஆரிஜினோடு பொருந்தவில்லை. முகவரியில் எழுத்துப்பிழையா என்று பலர் நேரத்தைத் தொலைப்பார்கள். முகவரி சரிதான். அந்தக் கணத்தில் உள்ளே இருப்பது இன்னும் காலிப் பக்கம், அதன் ஆரிஜின் உங்கள் ஆரிஜின். அதனால்தான் பொருந்தவில்லை. இங்கே டார்கெட்ஆரிஜினை நட்சத்திரக் குறியாக மாற்றி வாயை அடைப்பது சரியான மருந்து அல்ல. செய்தி காலிப் பக்கத்துக்குப் போய் மடியும், ரகசியத் தரவு இருந்தால் யாருக்குப் போகிறது என்ற பிடியும் கைவிட்டுப் போகும். உள்ளிருந்து "தயார்" வந்த பிறகே அமைப்புகளை அனுப்ப வேண்டும். அதோடு ஒரு மெசேஜ்சேனலின் (இரண்டு முனைகள் கொண்ட தனி இணைப்பின்) ஒரு போர்ட்டையும் அனுப்பிவிட்டால் அதன்பின் உரையாடல் தனி வழியில் போகும், பொது வாசலில் யார் என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டியதில்லை.

லிசனரை விண்டோவில் முன்பே மாட்டிவிட்டுப் பிறகு ஐஃப்ரேமைச் செருகினால் "தயார்" செய்தி தவறவே முடியாது. சர்வரிலிருந்தே ஐஃப்ரேம் எச்டிஎம்எல்லோடு வந்து, உங்கள் ஸ்கிரிப்ட் தாமதமாக விழித்தால் தவறலாம். அதற்கு, வெளிப்பக்கம் விழித்ததும் "இருக்கிறாயா?" என்று ஒரு செய்தி அனுப்பவும், உள்பக்கம் எப்போது கேட்டாலும் பதில் சொல்லவும் வைத்துவிடுங்கள். இரண்டு "தயார்" வந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள்.

அதே ஆரிஜினுக்குள் மட்டும் வேலை என்றால் இதைவிடச் சின்ன வழி ஒன்று இருக்கிறது. உள் பக்கம் தன்னைத் தாங்கும் ஐஃப்ரேம் எலிமென்ட்டை விண்டோ.ஃபிரேம்எலிமென்ட் மூலம் எட்டலாம். அதன் மேலேயே ஒரு கஸ்டம் ஈவென்ட்டை எழுப்பிவிட்டால், வெளியே நீங்கள் லோட் கேட்பது போலவே அதைக் கேட்கலாம். வேறு ஆரிஜினில் ஃபிரேம்எலிமென்ட் நல் என்று வரும். நாளை உள்பக்கம் தனி டொமைனுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் இப்போதே போஸ்ட்மெசேஜ் எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

ஐஃப்ரேமை உருவாக்குவது நீங்களே இல்லை என்றால்

விளம்பர ஸ்கிரிப்ட், வீடியோ எம்பெட், பணம் செலுத்தும் விட்ஜெட் எல்லாம் தாங்களாகவே ஐஃப்ரேமைச் செருகும். லிசனர் மாட்ட எலிமென்ட் உங்கள் கையில் இல்லை. பெரும்பாலோர் இங்கே டாமில் நடக்கும் மாற்றங்களைக் கவனிக்கும் மியூட்டேஷன்அப்சர்வரை எடுப்பார்கள். அது செருகலைச் சொல்லும், லோடைச் சொல்லாது. செருகியது தெரிந்ததும் அந்த எலிமென்ட்டில் லோட் லிசனரை மாட்டலாம். பொதுவாக நேரத்துக்குள் மாட்டிவிடும். ஆனால் எஸ்ஆர்சி இல்லாமல் செருகப்படும் ஐஃப்ரேமின் லோட் செருகும் வரியிலேயே முடிந்துபோகும், அப்சர்வரின் கால்பேக் அதற்குப் பிறகுதான் ஓடும்.

அதிகம் பேசப்படாத ஒரு வழி இங்கே அழகாகப் பொருந்துகிறது. லோட் ஈவென்ட் மேலே குமிழாக எழுவதில்லை, ஆனால் கேப்ச்சர் கட்டத்தில் மேலிருந்து கீழே இறங்கும். டாக்குமென்ட்டில் லோடுக்கு ஒரு லிசனரை மாட்டி மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்தால், பக்கத்தில் எந்த ஐஃப்ரேம் எப்போது லோட் ஆனாலும் அது அங்கே தெரியும். படம், ஸ்கிரிப்ட், ஸ்டைல்ஷீட் லோடுகளும் சேர்ந்தே வரும், டார்கெட் ஐஃப்ரேம் தானா என்று வடிகட்டிக்கொள்ள வேண்டும். மாட்டுவது டாக்குமென்ட்டில்தான் இருக்க வேண்டும். விண்டோவில் மாட்டினால் எலிமென்ட்களின் லோட் அங்கே வந்து சேராது, வரையறையே அதை டாக்குமென்ட்டோடு நிறுத்திவிடுகிறது. ஷேடோ டாம் (பக்கத்திலிருந்து பிரித்துவைத்த துணை மரம்) உள்ளே செருகப்பட்ட ஐஃப்ரேமின் லோடும் இங்கே எட்டாது. மற்றபடி இரண்டு வரியில் இவ்வளவு கிடைக்கும் வழி வேறு இல்லை.

எதை எங்கே?

உள்பக்கம் உங்களுடையது, அதோடு பேசவேண்டியும் இருக்கிறது: போஸ்ட்மெசேஜ். லோடை அங்கே ஸ்பின்னருக்குக்கூடப் பயன்படுத்த மாட்டேன், "தயார்" வரும்வரை சுற்றட்டும். உள்பக்கம் யாரோ ஒருவருடையது, வந்ததும் ஸ்பின்னரை எடுத்தால் போதும்: லோட் ஈவென்ட், சரியான வரிசையில். தோல்வியைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை ஏற்றுக்கொண்டு, ஐஃப்ரேமுக்குக் கீழே "தெரியவில்லையா? தனி டேப்பில் திறக்க" என்று ஓர் இணைப்பை எப்போதும் வைத்துவிடுங்கள். எந்தச் சாமர்த்தியக் கோடையும் விட இது பயனருக்கு உதவும். அந்த மூன்றாம் தரப்பு தன் எம்பெட்டுக்கென்று ஏபிஐ கொடுத்திருந்தால், அதன் ரெடி கால்பேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் அதுவும் பெரும்பாலும் போஸ்ட்மெசேஜ்தான். அதே ஆரிஜின், உள்ளே கைவைக்க முடியாத பழைய பக்கம்: லோட், அதன்பின் எதிர்பார்த்த எலிமென்ட் இருக்கிறதா என்ற சோதனை. போலிங், மேலே சொன்ன தலைப்பட்டை மாதிரியான இடத்தில் மட்டும்.

எதைத் தேர்ந்தாலும் காலவரம்பு கூடவே வேண்டும். லோடையோ "தயார்" செய்தியையோ ஒரு ப்ராமிஸில் (பின்னால் வரப்போகும் முடிவைக் குறிக்கும் பொருளில்) சுற்றி, பக்கத்தில் ஒரு செட்டைம்அவுட். இதில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, லோடிங் பண்புக்கு லேஸி கொடுத்த ஐஃப்ரேம் பயனர் அருகில் ஸ்க்ரோல் செய்யும்வரை கிளம்பாது. செருகியதும் கடிகாரத்தை ஓடவிட்டால், பார்க்கப்படாத ஐஃப்ரேம்கள் எல்லாம் தோல்வி என்று பதிவாகும். அங்கே இன்டர்செக்ஷன்அப்சர்வர் மூலம் திரைக்கு அருகில் வந்த பிறகு கடிகாரத்தைத் தொடங்குங்கள், அல்லது லேஸியை விட்டுவிடுங்கள். இரண்டாவது, பயனர் பாதியில் மோடலை (ஐஃப்ரேமைத் தாங்கிப் பக்கத்தின் மேலே திறக்கும் பெட்டியை) மூடி ஐஃப்ரேம் டாமிலிருந்து நீக்கப்பட்டால் லோட் ஒருபோதும் வராது, ப்ராமிஸ் அந்தரத்தில் நிற்கும், விண்டோவில் மாட்டிய மெசேஜ் லிசனர் அங்கேயே தங்கும். மோடலைப் பத்து முறை திறந்து மூடினால் பத்து லிசனர். அபார்ட்கன்ட்ரோலர் ஒன்றை உருவாக்கி அதன் சிக்னலை ஆட்ஈவென்ட்லிசனருக்குக் கொடுத்து, மோடல் மூடும் இடத்தில் அபார்ட் அழைத்தால் எல்லா லிசனரும் ஒரே அடியில் கழன்றுவிடும். டைமரை நிறுத்துவதையும் ப்ராமிஸை நிராகரிப்பதையும் அதே சிக்னலின் அபார்ட் ஈவென்ட்டில் செய்துவிடலாம்.

காலவரம்பு தாண்டியதும் தோல்வி என்று அறிவித்துவிட்டு ஐஃப்ரேமை அப்படியே விட்டுவைப்பவர்களும் உண்டு. சற்றுப் பிறகு பக்கம் வந்து சேர்ந்தால், பிழைச் செய்தியும் வேலைசெய்யும் பக்கமும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். தாமதமாக வந்த லோட் பிழைச் செய்தியை அழிக்க வேண்டுமா, அல்லது காலவரம்பு தாண்டியதுமே ஐஃப்ரேமை நீக்கிவிட வேண்டுமா என்பதைக் கோடு எழுதும்போதே முடிவுசெய்துவிடுங்கள். மெதுவான இணைப்பில் இருப்பவருக்கு முதலாவதே நல்லது. பணம் செலுத்தும் படிவம் என்றால் தயங்காமல் இரண்டாவது.